மணியைப் பாருங்கள்!

உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? இருந்தால், அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டு வந்து இதைப் படியுங்கள். இல்லாவிட்டாலும் படியுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை இருக்கும். அதன் தாய் என்றைக்காவது ஒரு ராத்திரி உங்கள் கதவைத் தட்டிக்கொண்டு ஓடி வருவாள்.

2024-ம் வருஷத்து ஆடிப் பெருக்குக்கு நாங்கள் என் கணவரின் ஊருக்குப் போயிருந்தோம். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இண்டூரைத் தாண்டிச் சற்று தூரம் போய் உள்ளே திரும்பினால் வரும் சின்ன ஊர் அது. பதினெட்டாம் பெருக்கன்று பாப்பாவை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது என் மாமியாரின் நெடுநாள் ஆசை. பாப்பாவுக்கு அப்போது பத்து மாதம். எங்களுக்கு முதல் குழந்தை. முதல் குழந்தையின் பெற்றோரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தும்மினால் ஒரு டாக்டர், இருமினால் இரண்டு டாக்டர் என்று சென்னையில் அலைந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள்.

அந்த வருஷம் காவேரியில் வெள்ளம் கரை புரண்டது. கர்நாடகத்து அணைகள் நிரம்பி, ஒகேனக்கல்லில் குளிக்கக் கூடாது, பரிசல் ஓட்டக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். மாமியார் விடுகிறவரா? ஆற்றுப் பக்கம் போய் வந்த உறவினர் ஒருவரிடம் சொல்லி ஒரு செம்புத் தண்ணீர் வரவழைத்துவிட்டார். அந்தச் செந்நிறத் தண்ணீரை மூன்று சொட்டுப் பாப்பாவின் உச்சந்தலையில் தெளித்து, "காவேரித் தாயே, காப்பாத்து!" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குழந்தையின் உடம்பு கணகணவென்று சுட்டது.

நான் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள், 'அந்தக் கலங்கல் தண்ணீர்தான்!' என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். மாமியாரும் வாய் திறக்கவில்லை. 'காரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தாளே, அந்தக் காற்றுதான்!' என்று அவர் எழுதிய தீர்ப்பு அவர் முகத்தில் தெரிந்தது. ஜுரத்துக்கான சொட்டு மருந்து கையோடு இருந்தது. கொடுத்தேன். தணிந்தது. மத்தியானம் ஏறியது. மறுபடி கொடுத்தேன். இருட்டும்போது தர்மாமீட்டர் 103 காட்டியது. "காலையில் பென்னாகரம் போய் டாக்டரிடம் காட்டிவிடலாம்" என்று பேசி முடித்தோம்.

ராத்திரி ஒன்பதே முக்கால் இருக்கும். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு பாலாடையில் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் உடம்பு விறைத்தது. கண்கள் மேலே செருகிக்கொண்டன. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. உதடு நாவற்பழ நிறத்துக்குப் போயிற்று. கடைவாயில் நுரை. "பாப்பா! பாப்பா!" என்று நான் கத்தியது அவள் காதில் விழவேயில்லை. எதிரே இருக்கும் என்னைத் தாண்டி வேறு எதையோ பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

அப்போது நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உலுக்கினேன். என் கணவரோ, ஆபீசில் முப்பது பேரை விரட்டி வேலை வாங்குகிறவர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். மாமியார் இரும்புச் சாவியை எடுத்து வந்து குழந்தையின் உள்ளங்கையில் திணித்தார். என் அலறலைக் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா, வெங்காயத்தை நசுக்கி மூக்கில் பிழியப் போனார். "பல்லைக் கிட்டிக்குது, ஒரு கரண்டியைக் குடுங்க" என்றது ஒரு குரல். "எதுக்கு இத்தனை? விரலி மஞ்சளைச் சுட்டு வயித்துல ஒரு சூடு இழுங்க, நின்னுடும்" என்றது இன்னொரு குரல். மாமியார் சட்டென்று சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார்.

அவர்கள் யாரும் பொல்லாதவர்கள் அல்ல. அத்தனை பேர் கண்ணிலும் தண்ணீர். அந்த வேளையில் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதுதான் விஷயம். கரண்டியை நீட்டியவரிடமிருந்து அதை வாங்க என் கையும் நீண்டது.

தெருக் கோடியில் துணை சுகாதார நிலையம் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் அங்கேயே குடியிருக்கிறார். ஊருக்கு அவர் 'நர்ஸம்மா'. எந்தப் புண்ணியவானின் பிள்ளையோ ஓடிப் போய் அவரைக் கூப்பிட்டிருக்கிறான். நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்தவர், வாசற்படியிலேயே குரலை உயர்த்தினார்.

"எல்லாரும் தள்ளுங்க! காத்து வரட்டும். அந்தக் கரண்டியை அப்பால வைங்க. வாய்க்குள்ள ஒண்ணும் போகக் கூடாது."

என் கையிலிருந்து குழந்தையை வாங்கித் தரையில் பாயின் மேல் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கவுனின் பொத்தானை அவிழ்த்தார். துண்டை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தார். வெளியே வழிந்த நுரையைத் துடைத்தார். இழுக்கிற கையையோ காலையோ பிடித்து அமுக்கவில்லை. பிறகு என் கணவரைப் பார்த்து, "சார், மணியைப் பாருங்க. வாய் விட்டுச் சொல்லுங்க!" என்றார்.

"ஒன்பது நாற்பத்தேழு" என்றார் அவர். அவருடைய குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"அப்படியே பார்த்துக்கிட்டு இருங்க. அம்மா, நீங்க 108-க்குப் போன் போடுங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நர்ஸம்மா ஒன்றுமே செய்யவில்லை. குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வேலை கொடுத்த சாமர்த்தியத்தை நினைத்து இன்றும் அதிசயப்படுகிறேன். அந்த வேலை இல்லாவிட்டால் நாங்கள் குழந்தையை என்ன பாடு படுத்தியிருப்போமோ!

"ஒன்பது நாற்பத்தெட்டு... நாற்பத்தொன்பது..."

நாற்பத்தொன்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் வெட்டல் குறைந்தது. ஒரு முறை, இன்னொரு முறை, அப்புறம் நின்றுவிட்டது. நர்ஸம்மா வருவதற்கு முன் கழிந்ததையும் சேர்த்தால் நாலு நிமிஷம் இருக்கலாம். என் கணக்கில் நாலு வருஷம்.

ஆனால் நின்ற பிறகுதான் எனக்குப் பிராணன் போயிற்று. குழந்தை வாழைத்தண்டுபோல் துவண்டு கிடந்தது. அசைவு இல்லை, அழுகை இல்லை. நான் கேட்க நினைத்ததைக் கேட்க நாக்கு எழவில்லை. நர்ஸம்மா என் கையை இழுத்து அதன் மார்பின் மேல் வைத்தார். "தூங்குது, அம்மா. இழுத்து ஓய்ஞ்ச பிறகு இப்படித்தான் அசந்து தூங்கும்." உள்ளங்கைக்குக் கீழே சின்னத் துடிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. தமிழ்நாட்டில் 2008-ம் வருஷம் தொடங்கிய இந்த 108 வண்டிகளை நகரத்தில் நாம் ஒதுங்கி வழிவிட்டுப் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரிகிறது. மருத்துவ உதவியாளர் குழந்தையின் விரலில் சின்ன கிளிப் ஒன்றை மாட்டிப் பிராணவாயு அளவு பார்த்தார். ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று பார்த்தார். சர்க்கரை குறைந்தாலும் குழந்தைகளுக்கு இழுப்பு வருமாம்.

வழியெல்லாம் வேண்டாத நினைவுகள். தர்மபுரி மாவட்டத்தைப் பற்றி நகரத்துப் பெண்களாகிய நாம் படித்திருப்பதெல்லாம் குழந்தைகளின் துயரக் கதைகள்தாமே? பெண் சிசுவைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பிறகு 2001-ல் தர்மபுரிக்கும் அது வந்தது. 2014 நவம்பரில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சில நாட்களுக்குள் பத்துக்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் இறந்த செய்தி நாடு முழுவதும் பரவியது. பெரும்பாலும் குறைமாதத்திலும் எடை குறைந்தும் பிறந்த குழந்தைகள் என்று அரசாங்கம் விளக்கம் சொல்லிற்று. நான் தர்மபுரி மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டபோது என் அம்மா இதையெல்லாம் சொல்லிக் கவலைப்பட்டவள். அன்று ராத்திரி வண்டியில் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. எதிரே மாமியார், பேத்தியின் பாதத்தை இரண்டு கைகளிலும் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பென்னாகரம் வரும்வரை அந்தக் கைகள் விலகவில்லை.

பென்னாகரம் அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். கேள்விகள் மளமளவென்று வந்தன. எவ்வளவு நேரம் இழுத்தது? உடம்பு முழுவதுமா, ஒரு பக்கம் மட்டுமா? இன்றைக்கு இது முதல் தடவையா, முன்னாலேயே ஒரு தடவை வந்ததா? அப்புறம் கண் திறந்து ஆளை அடையாளம் கண்டதா? "ஒன்பது நாற்பத்தேழிலிருந்து..." என்று என் கணவர் கணீரென்று பதில் சொன்னார். நேரத்தைக் கவனித்தது சும்மா அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. இழுப்பு ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலும், ஒரே நாளில் திரும்ப வந்தாலும் வேறு காரணம் தேட வேண்டும். டாக்டருக்கு வேண்டிய பாதி விஷயம் அந்தக் கடிகாரத்தில் இருந்தது.

பிறகு குழந்தையின் கழுத்தை மெல்ல வளைத்துப் பார்த்தார். உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார். அப்புறம், "தடுப்பூசி அட்டை இருக்கா?" என்றார்.

இருந்தது! பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது, "அட்டையை வைத்தாயா?" என்று நாலு தடவை கேட்டு என் உயிரை எடுத்தவள் என் அம்மா. டாக்டரம்மா அதில் விரலை ஓட்டினார். தமிழ்நாட்டில் 2011 முடிவிலிருந்து போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி மூன்று தவணையும் ஆகியிருந்தது. 2021-ல் சேர்த்த நிமோனியாத் தடுப்பூசியும், ஒன்பதாம் மாதத்து அம்மைத் தடுப்பூசியும் ஆகியிருந்தன. அவர் முகம் தெளிந்தது. மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும் முக்கியமான கிருமிகளில் இரண்டுக்கு அந்த ஊசிகளில் காப்பு இருக்கிறதாம். ஒரு வயதுக்குள் ஊசி போடாத குழந்தைக்கு ஜுரத்தோடு இழுப்பு வந்தால், முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். "கழுத்தும் நல்லா இருக்கு, ஊசியும் போட்டிருக்கீங்க. ராத்திரி இங்கேயே வச்சுப் பார்ப்போம். இது ஜுர வலிப்புதான்" என்றார்.

அடுத்தாற்போல் ஒரு கேள்வி கேட்டார். "வீட்டில யாருக்காவது சின்ன வயசில இப்படி வந்திருக்கா?"

"இல்லை" என்று நானும் என் கணவரும் ஒரே குரலில் சொன்னோம்.

மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இவனுக்கு வந்துச்சு" என்றார்.

சகோதரிகளே, என் கணவரின் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு தழும்பு உண்டு, புளியங்கொட்டை அளவு. கல்யாணமான புதிதில் கேட்டேன். "சின்ன வயசில் தீபாவளி மத்தாப்பு பட்டிருக்கும்" என்றார். அவருக்கே அவ்வளவுதான் தெரியும். அன்று ராத்திரி அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அதன் கதையை இருவரும் கேட்டோம்.

"எட்டு மாசம் இவனுக்கு. ஐப்பசி மழை. இவங்க அப்பா ஓசூருல வேலையா இருந்தாரு. விடிஞ்சாத்தான் பஸ்ஸு. ஜுரத்துல இப்பிடியே இழுத்துச்சு. நான் ஒண்டி. பக்கத்து வீட்டுப் பாட்டி விரலி மஞ்சளைச் சுட்டு எடுத்தாந்தா. நான்தான் காலைப் பிடிச்சிக்கிட்டேன். ஒரு இழுப்பு. கொஞ்சத்துல நின்னுபோச்சு. அந்தச் சூடுதான் என் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருக்கேன், டாக்டரம்மா."

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "மஞ்சளைச் சுட்டு எடுத்தாற எவ்வளவு நேரம் ஆச்சும்மா?" என்று மட்டும் கேட்டார்.

மாமியார் யோசித்தார். "அடுப்பு மூட்டணுமே... ஒரு மூணு நாலு நிமிசம் ஆயிருக்கும்."

"அதுக்குள்ள அதுவே நின்னிருக்கும்மா" என்றார் டாக்டரம்மா மெதுவாக.

யாரும் பேசவில்லை. என் கணவர் சட்டைக்கு மேலாகத் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். மாமியார் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையைத் தான்தான் காப்பாற்றினோம் என்ற நினைவை அத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தவரிடமிருந்து ஒரே வாக்கியத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. எனக்கு அவர் மேல் இருந்த மனத்தாங்கலெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வலிச்சிருக்கும்ல, கண்ணு, அவனுக்கு?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

சாவிக்கும் வெங்காயத்துக்கும் சூட்டுக்கும் இத்தனை தலைமுறையாகப் பெயர் கிடைத்தது இப்படித்தான். ஜுர வலிப்பு பெரும்பாலும் சில நிமிஷத்தில் தானாக நின்றுவிடுகிறது. அந்தச் சமயத்தில் யார் கையில் எது இருந்ததோ அது மருந்தாகிவிட்டது. சாவி போனால் போகிறது, அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் கரண்டி பல்லை உடைக்கலாம், மூச்சை அடைக்கலாம். மூக்கில் பிழிந்த சாறு நுரையீரலுக்குள் போகலாம். 'நாக்கை விழுங்கிவிடும்' என்கிறார்களே, அப்படி நாக்கை விழுங்க முடியவே முடியாது.

மறுநாள் காலையில் டாக்டரம்மா நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு இது வருகிறது. வளர்கிற மூளைக்கு ஜுரத்தின் சூடு பொறுக்காததால் வருவது; குடும்பத்தில் ஓடும். கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே குழந்தைகளின் ஜுரத்தில் வரும் இழுப்பைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்களாம். "மூளை பாதிக்குமா? படிப்பு வருமா?" என்று நான் கேட்டேன். தாயார்கள் எல்லாரும் கேட்கும் கேள்வியாம் அது. பிரிட்டனில் 1970 ஏப்ரலில் ஒரே வாரத்தில் பிறந்த பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வளர வளரக் கவனித்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நானூறு பேருக்கு ஜுர வலிப்பு வந்திருந்தது. பத்து வயதில் சோதித்தபோது, படிப்பிலும் புத்தியிலும் நடத்தையிலும் மற்றப் பிள்ளைகளுக்கு அவர்கள் இளைத்தவர்களாக இல்லை.

இதைக் கேட்டு நான் பூரித்துப் போவதற்குள், "ஆனால் மறுபடி வரலாம்" என்று சேர்த்தார். ஒரு வயது நிறையும் முன் முதல் தடவை வந்த குழந்தைகளில் பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறதாம். ஜுர மருந்து குழந்தையின் அவதியைக் குறைக்கும். வலிப்பைத் தடுத்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. ஐந்து நிமிஷம் தாண்டினால் மூக்கில் தெளிக்க ஒரு மருந்து எழுதிக் கொடுத்து, அதை எப்படி உபயோகிப்பது என்றும் காட்டினார்.

புதன்கிழமை ஜுரம் சட்டென்று இறங்கியது. இறங்கிய கையோடு மார்பிலும் முதுகிலும் ரோஜா நிறத்தில் பொடிப் பொடியாகத் தடிப்பு! ஆடி மாதம், மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா இறங்கியிருக்கா" என்று வேப்பிலை பறிக்கப் போய்விட்டார். நான் போனில் படம் எடுத்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிரித்தார். ரோஸியோலா என்று ஒரு வைரஸ் ஜுரமாம். மூன்று நாலு நாள் கொதிக்கக் கொதிக்கக் காய்ந்து, ஜுரம் விட்ட பிறகு தடிப்பைக் காட்டிவிட்டுப் போய்விடும். இந்த வயதில் ஜுர வலிப்பைக் கொண்டுவருவதில் அதற்கும் பங்கு உண்டு. "உடம்புக்குள்ள புகுந்து ஒன்பது, பத்து நாள் கழிச்சுத்தான் ஜுரமா வெளியே தெரியும்" என்றார்.

நான் விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது பத்து நாளைக்கு முன் நாங்கள் இருந்தது சென்னையில், என் அம்மா வீட்டில். காவேரித் தண்ணீரும் காரணம் இல்லை, கார் ஜன்னலும் காரணம் இல்லை! மாமியாரிடம் இதைச் சொன்னேனா என்று கேட்காதீர்கள். சொன்னேன், ஒரு வாரம் கழித்து. தொட்டிலில் செருகியிருந்த வேப்பிலையை நான் எடுக்கவில்லை. அது யாருக்கு என்ன கெடுதல் செய்தது?

அந்த வருஷம் மார்கழியில் மாமியார் சென்னைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஒரு நாள் விடியற்காலை, கோலம் போட்டுவிட்டு நான் உள்ளே நுழையும்போது அவர் குரல் கேட்டது. பாப்பாவுக்கு முதல் நாளே சளியும் ஜுரமும். ஓடினேன். மறுபடியும் அதே விறைப்பு, அதே செருகல். ஆனால் பாப்பா தரையில் பாயின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்கு அடியில் மாமியாரின் மடித்த துண்டு. அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைகளைத் தம் மடியிலேயே இறுகக் கோத்துக்கொண்டிருந்தார். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

நான் பதறிக்கொண்டு குனிந்தேன்.

"தொடாதே, கண்ணு" என்றார், குழந்தையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "மணியைப் பாரு. ஆறு அஞ்சுக்கு ஆரம்பிச்சுது."